தேரைமேற் சுமத்திய பழி

உலகிற் பழி சுமக்கும் உயிர்கள் பல. நரிக்கு வஞ்சனையும், பாம்பிற்கு நன்றிகேடும், ஆந்தைக்குத் தீநிமித்தமும் உரியவை எனக் கூறி, மக்கள் தம் குற்றங்களையும் அச்சங்களையும் வாயற்ற உயிர்களின்மேல் ஏற்றிவைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். அவற்றுள்ளும், தேரையைப்போல இத்துணைப் பழிகளைச் சுமந்தும், தனக்காகப் பரிந்து பேசுவார் ஒருவரையும் பெறாத உயிர் பிறிதொன்றில்லை எனலாம். தேங்காயினுள் பருப்பு இல்லையெனின், தேரை மோந்தது என்பர். குழந்தை மெலியின், தேரை விழுந்தது என்பர். கையிற் சொறி தோன்றின், தேரையைத் தொட்டதன் பயன் என்பர். இங்ஙனம் வீட்டிலும் தோப்பிலும் விடுதியிலும் நிகழும் கேடுகள் பலவற்றிற்கு ஒரு சிறிய உயிர் விடைகூற வேண்டியதாகின்றது.

இம்மலரின் தமிழ்ப் பகுதியிற் புலவர்களைப் பற்றியும் காவியங்களைப் பற்றியும் கட்டுரை வரைதல் தமிழ் மாணவர்க்கு மரபு. யாமோ இவ்வாண்டு ஒரு தேரையைப் பற்றி எழுதப் புகுந்தோம். நண்பர் சிலர் நகைப்பர் என்பதை அறிவோம். ஆயினும் இறுதிவரை பொறுமையுடன் படிப்போர், இது விலங்குநூற் கட்டுரை மட்டுமன்று, தமிழ் கற்கும் முறையைப் பற்றியதொரு முறையீடும் ஆம் என்பதைக் காண்பர்.

தேரை எனப் பொதுப்படக் கூறினும், யாம் ஈண்டுக் குறிப்பது, மழைக்கால இரவுகளில் விடுதி முற்றத்து விளக்கடியில் வந்தமர்ந்து, வீழும் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தின்னும் அந்தப் பெரிய, சொரசொரப்பான உயிரையேயாம். சொறித்தவளை என்று அதனைக் கூறுவாரும் உளர். விலங்குநூலார் அதற்கு இட்ட பெயர் ‘தத்தாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்’ என்பது. இந்தியா, இலங்கை முதலாகத் தென்சீனம், தென்கிழக்கு ஆசியா ஈறாகப் பரந்த நிலப்பகுதியில் அது வாழ்கின்றது. காட்டுயிரே எனினும், மனிதர் வாழும் இடங்களை அஞ்சி ஒதுங்காது, வயல், தோட்டம், சாக்கடை, படிக்கட்டு ஆகிய யாண்டும் காணப்படுவது.

இவ்வுயிரை யாம் முதன்முதல் உற்று நோக்க நேர்ந்தது எம் நற்குணத்தால் அன்று, எம் குற்றத்தாலேயே. சென்ற ஐப்பசியில் ஓரிரவு பெருமழை பெய்தது. விடுதிக் குளியலறையின் ஈரத்தரையில் ஒரு தேரை அசையாது அமர்ந்திருந்தது. உடனிருந்தோருள் ஒருவர் சமையலறையினின்று ஒருபிடி உப்புக் கொணர்ந்தார். அதனைத் தேரையின் முதுகிற் சொரிந்தது பிறர் கையன்று, எம் கையே. அது துடித்தது; உடலைக் காற்றால் உப்பச் செய்தது; நான்கு கால்களாலும் எழுந்து நின்றது; மீண்டும் விழுந்தது. சூழ நின்றோர் நகைத்தனர். யாமும் நகைத்தோம்.

அவ்வேளையில் விலங்கியல் பயிலும் மூத்த மாணவர் ஒருவர் ஆண்டு வந்தார். அவர் எம்மைக் கடிந்திலர். ஒரு செம்பு நீரை எடுத்துத் தேரையின்மேல் மெல்ல ஊற்றினார். இரண்டாவது செம்பும் மூன்றாவது செம்பும் ஊற்றினார். பின்பு எம்மை நோக்கி, “தம்பி, இது இங்கு எதற்காக வந்தது தெரியுமா? நீர் குடிக்க வந்தது. தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றையும் தொடையையும் ஈரத்தில் ஒட்டவைத்து, அங்குள்ள மெல்லிய தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் தோலே அதற்கு வாய். பாதி மூக்கும் அதுவே. அந்தத் தோலில் உப்பைப் போட்டால், குடித்த நீரெல்லாம் வெளியே இழுக்கப்படும்,” என்றார். தேரை சிறிது நேரங் கழித்து இருளில் ஊர்ந்து சென்றது. பிழைத்ததோ இல்லையோ யாம் அறியோம். நீர் குடிக்க வந்த உயிருக்கு உப்பிட்டோம் என்ற எண்ணம் மட்டும் அன்றிரவு எம்மை உறங்கவொட்டாது செய்தது.

அதன்பின் பல இரவுகள் அம்மாணவருடன் விளக்கடியில் அமர்ந்து தேரைகளை நோக்கினோம். நோக்கநோக்க, அருவருப்பு என்பது பெரும்பாலும் அறியாமையின் மறுபெயரே என்பது எமக்குப் புலனாயிற்று. யாம் கண்டவற்றை முறையே கூறுவோம்.

தேரையின் தலையில் மருக்கள் மிகுதியாக இல்லை. அதற்கு மாறாக எலும்பாலாகிய வரம்புகள் உள. மூக்கின் பக்கத்தினின்று கண்வரை ஒன்று. கண்ணிற்கு முன்னும் மேலும் பின்னுமாகச் சூழ்ந்து செல்வன சில. கண்ணின் பின்புறத்தினின்று செவிப்பறையை நோக்கிச் செல்லும் குறுவரம்பு ஒன்று. இவற்றின் விளிம்பு மை தீட்டியதுபோற் கறுத்திருக்கும். இரு வரம்புகளுக்கும் இடையே உச்சி சற்றுக் குழிந்து காணப்படும். செவிக்கு மடல் இல்லை. கண்ணின் பின்னே வட்டமான பறையொன்று தோலோடு தோலாக விளங்கித் தோன்றும். அதன் அளவு கண்ணின் அளவில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாது. அதன் பின்னே, கழுத்தின் இருபுறமும், அவரை விதை வடிவில் நீண்டு தடித்த சுரப்பிகள் இரண்டு உள. முதுகு முழுதும் பரந்த மருக்களின் முனைகளிற் கரிய சிறு முட்கள் காணப்படும். ‘மெலனோஸ்டிக்டஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கரும்புள்ளியுடையது என்பதே பொருள்.

கண்ணோ, அவ்வுடலில் அமைந்த அணிகலன் எனத் தகும். கண்மணி மேல்கீழாக நீளாது, கிடையாக நீண்டு, சுற்றிலும் பொற்றுகள் தூவினாற்போல் ஒளிரும். தேரையின் தலையினுள் விலையுயர்ந்த மணியொன்று உண்டு என ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பி, அம்மணி எனக் கருதியவற்றை மோதிரத்திற் பதித்து அணிந்தனர். அவை உண்மையிற் பண்டைக் காலத்து மீன்களின் கல்லாய்ப்போன பற்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தலையினுள் மணியைத் தேடியவர்கள் தலையின் புறத்தே இருந்த இரு மணிகளையும் காணாது போயினர் போலும்.

அக்கண்கள் காண்டற்கு மட்டும் அமைந்தன அல்ல. தேரை இரையை விழுங்கும்போது கண்களை மூடிக்கொள்ளும். அப்போது விழிகள் உள்ளே தாழ்ந்து, வாயிலுள்ள இரையைத் தொண்டைக்குள் தள்ளுதற்கு உதவுகின்றன. அதன் வாயில் ஒரு பல்லும் இல்லை. ஆகலின் தேரை கடிக்கும் என்று அஞ்சுதல் வீண். நாக்கு நமக்குப் போலப் பின்னே வேர்கொள்ளாது, தாடையின் முன்புறத்தே ஒட்டி, நுனி உள்நோக்கி மடிந்துள்ளது. பூச்சியைக் கண்டவிடத்து அது வெளியே வீசப்பட்டு, ஒட்டிய இரையுடன் மீள்வதை நம் கண் தொடர்ந்து காண இயலாது. பூச்சி இருந்தது, இப்பொழுது இல்லை என்பதே நாம் காண்பது.

முன்கால்களில் நான்கு விரல்களும், பின்கால்களில் ஐந்து விரல்களும் உள. பின்கால் விரல்களின் இடையே ஏறத்தாழப் பாதியளவிற்குத் தோல் இணைந்திருக்கும். பின்கால்கள் குறியன ஆகலின், தவளையைப்போல் நெடுந்தொலை தாவாது, சிறு தத்தல்களாலும் நடையாலுமே இயங்கும். ஆண் பெரும்பாலும் 3 அங்குல அளவினது. பெண் அதனினும் பெரிது. 6 அங்குலத்தை எட்டுவனவும் உண்டு. மழைக்காலத்தில் ஆணின் தொண்டை மஞ்சள் நிறம் பெறும். குரற்பையை உப்பி அது இரவெல்லாம் துணையை அழைக்கும். அப்பருவத்தில் அதன் முன்கால் உள்விரல்களிற் கரிய தடிப்புக்கள் தோன்றும். நீரிற் பெண்ணை வழுவாது பற்றிக்கொள்ளுதற்கு அவை அமைந்தன. முட்டைகள், தவளைக்குப்போலத் திரளாக இராது, பசைபோன்ற நீண்ட இழைகளிற் கரிய மணி கோத்தாற்போல நீர்ச்செடிகளிற் சுற்றிக் கிடக்கும்.

நிற்க. இவ்வுடலமைப்பை அறிந்தபின், தேரையைப் பற்றி வழங்கும் பழமொழிகளையும் நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவ்வுடலின்முன் நிறுத்தி வினவுதல் நம் கடனாகும்.

முதலாவது, கல்லினுள் தேரை. உணவும் காற்றும் புகாத பாறையினுள்ளும் தேரை உயிர்வாழும் என்றும், அதற்கும் இறைவன் படியளக்கின்றான் என்றும் நம் முன்னோர் கூறுவர். இறைவன் அருளின் பெருமையை உணர்த்தும் அக்கருத்தை யாம் இகழ்ந்திலோம். ஆயினும் உவமை வேறு, உண்மை வேறு. இந்நம்பிக்கை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அது வேரூன்றியிருந்தது. ஆக்ஸ்போர்டு நகரில் நிலநூல் கற்பித்தவரும் திருச்சபைக் குருவுமாகிய வில்லியம் பக்லண்ட் என்பார், 1825-ஆம் ஆண்டு நவம்பரில் 24 தேரைகளைக் கல்லிற் குடைந்த சிறு குழிகளில் இட்டு, கண்ணாடியால் மூடி, தோட்டத்தில் மூன்றடி ஆழத்திற் புதைத்தார். குழிகளிற் பாதி செறிந்த மணற்கல்லிலும், பாதி நுண்துளைகளையுடைய சுண்ணக்கல்லிலும் குடையப்பட்டவை. ஓராண்டு கழித்துத் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை யாவும் மாண்டிருந்தன. சுண்ணக்கல்லில் இருந்தவற்றுட் பல உயிரோடிருந்தன. அவற்றை மீண்டும் புதைக்க, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் மாண்டன. அச்சோதனையின் கொடுமையை யாம் புகழ்ந்திலோம். தோலால் நீர் பருகி, தோலாலும் மூச்சுவிடும் உயிர், ஈரமும் காற்றும் இன்றிக் கல்லினுள் வாழாது என்பதை அதன் உடலே கூறுகின்றது. கேட்பார் இருந்திருப்பின் அந்த 24 உயிர்கள் மாண்டிருக்க வேண்டா.

இரண்டாவது, சொறி. தேரையின் மருவைத் தொட்டால் நம் உடலிற் சொறி பற்றும் என்பர். சொறியை உண்டாக்குவது கண்ணிற்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிறு பூச்சி. மருவை உண்டாக்குவது ஒருவகை வைரஸ். இரண்டும் மனிதரிடமிருந்து மனிதர்க்குத் தொற்றுவன. தேரையின் மருக்கள் நோயல்ல. அதன் தோலின் இயற்கையான சுரப்பிகளே அவை.

மூன்றாவது, தேங்காய். உள்ளே பருப்பற்ற காயைத் தேரை மோந்த காய் என்கின்றனர். ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று குறுக்கிடுகின்றது. நம் நாட்டின் சில ஊர்களில், குளியலறைச் சுவரிலும் கதவிடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மரத்தவளையையே தேரை என வழங்குகின்றனர். வேறு ஊர்களில் நிலத்தில் வாழும் சொறித்தவளையையே தேரை என்கின்றனர். சொல் ஒன்று; உயிர் இரண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய நிகண்டு உதவாது, விரல்நுனியே உதவும். மரத்தவளையின் விரல்நுனிகள் வட்டமாகத் தட்டையாய் விரிந்து, சுவரைப் பற்றும் ஆற்றலுடையன. யாம் விளக்கடியிற் கண்ட தேரையின் விரல்களோ மழுங்கி முடிவன. அவற்றால் வழுவழுப்பான சுவரில் ஓரடியும் ஏற இயலாது. நெடிய தென்னையின் உச்சியை அது எங்ஙனம் அடையும்? இனி, மரத்தவளையே ஏறிற்று எனக் கொள்வோம். தடித்த மட்டையையும் வலிய ஓட்டையும் கடந்து அதன் மோப்பம் உள்ளிருக்கும் பருப்பை எங்ஙனம் உண்ணும்? மகரந்தம் செவ்வனே சேராமையும், மண்ணில் ஊட்டம் குன்றியமையும் இத்தகைய வெறுங்காய்களுக்குக் காரணமாகும் என்பது வேளாண்மை அறிந்தோர் கூற்று. தேரையைப் பழிக்கும் உழவன் தன் மரத்தின் அடியில் எருவிடுதலை மறக்கின்றான். இஃது அப்பழியால் விளையும் கேடு.

நான்காவதாகிய பழியைக் கூற எமக்கு நாணமாகவுள்ளது. ஆயினும் இக்கட்டுரை எழுதப்பட்டது அதன்பொருட்டே ஆதலின், மறையாது கூறுவோம்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊர் சென்றிருந்தோம். அண்டை வீட்டு அக்காள் ஒருவருக்கு ஒன்றரை வயதுப் பெண்குழந்தை இருந்தது. அதன் விலாவெலும்புகளை எண்ணலாம். கைகால்கள் குச்சிபோல் மெலிந்து, வயிறு மட்டும் பருத்திருந்தது. அழுதற்கும் வலிவின்றி முனகிக்கொண்டிருக்கும். தேரை விழுந்த பிள்ளை என ஊரார் கூறினர். கருவுற்றிருந்த காலத்தில் தாயின்மேல் தேரை பாய்ந்திருக்க வேண்டும் என்றனர். கயிறு கட்டினர், சாம்பல் பூசினர். ஒருநாள் மாலை அவ்வக்காள் எம்மை நோக்கி, “தம்பி, நீ தமிழ் படிக்கிறாயே, தேரை விழுதல் என்று புத்தகத்தில் இருக்கிறதா?” என்று வினவினார். யாம் பெருமிதத்துடன், “உண்டு, அக்கா, அகராதியிலேயே உண்டு,” எனக் கூறி, அச்சொற்றொடரின் பொருளையும் விரித்துரைத்தோம். அவர் முகத்தில் ஐயம் நீங்கிற்று. புத்தகமே கூறியபின் ஐயம் ஏது? மேலும் ஒரு மாதம் கயிறும் சாம்பலும் நடந்தன.

இறுதியில், ஊருக்கு வந்த செவிலியர் ஒருவர் அக்குழந்தையைக் கண்டு, எடை பார்த்து, தாயையும் சேயையும் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தேரையைப் பற்றி எவரும் வினவவில்லை. குழந்தை என்ன உண்டது, எத்தனை முறை உண்டது, எத்தனை நாள் வயிற்றுப்போக்கு இருந்தது என்றே வினவினர். போதிய உணவின்மையும், அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கும் அதனை உருக்கின என்பது தெரிந்தது. முறைப்படி உணவும் மருந்தும் அளிக்க, குழந்தை சில கிழமைகளில் தேறிற்று. இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் சென்றபோது அது தத்தித் தத்தி நடந்து வந்து எம் விரலைப் பற்றிக்கொண்டது. அக்காள் எம்மைப் பற்றி ஒரு குறையும் கூறவில்லை. எமக்கோ அவரை நிமிர்ந்து நோக்க இயலவில்லை.

தவளை தன் வாயாற் கெடும் என்பர். தேரை தன் வாயாற் கெட்டதன்று. எம்போன்றோர் வாயாற் கெட்டது. அதனோடு ஒரு குழந்தையும் கெடவிருந்தது. அகராதி பொய் கூறிற்றிலது. மக்கள் அங்ஙனம் வழங்குகின்றனர் என்பதையே அது கூறிற்று. வழக்கினை உண்மையாகக் கொண்டு உரைத்தது எம் பிழை. சொல்லின் பொருளை அறிந்தேம். சொல் சுட்டும் பொருளை அறிந்திலேம்.

ஈண்டு ஒரு சான்றோரை நினைவுகூர்தல் தகும். இத்தேரைக்கு 1799-ஆம் ஆண்டில் நூன்முறைப்படி முதன்முதற் பெயரிட்டவர் ஜெர்மானியராகிய யோகான் கோட்லோப் சினைடர் என்பவர். அவர் மருத்துவரோ வேட்டைக்காரரோ அல்லர். நம்மைப் போன்ற மொழி மாணவரே. பண்டைக் கிரேக்க நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தவர். கிரேக்கச் சொற்களுக்கு ஜெர்மன் மொழியிற் பேரகராதி ஒன்று தொகுத்து, 1797-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டவர். அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலையும் பதிப்பித்தவர். அகராதி தொகுத்த அதே கை, தேரையின் உடலையும் அளந்து எழுதிற்று. பண்டை நூலில் ஓர் உயிரின் பெயர் வந்தால், அஃது எவ்வுயிர் என்று கண்டு தெளிதலும் புலமையின் பகுதியே என அவர் கருதினார் போலும். பல ஆண்டுகள் ‘பூபோ’ என்னும் பேரினத்துள் அடக்கப்பட்டிருந்த இத்தேரையை, 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் தனியே பிரித்து, இந்திய அறிஞராகிய சுசீல் குமார் தத்தா அவர்கள் பெயரால் ‘தத்தாபிரைனஸ்’ என்றனர். ‘தத்தாவின் தேரை’ என அதனை நாம் தமிழிற் கூறலாம். மொழிப்புலவர் ஒருவர் பெயரிட, இந்நாட்டு அறிஞர் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கும் இவ்வுயிரை, தமிழ் மாணவர் தமக்குப் புறம்பானது எனத் தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

தேரைக்காகப் பரிந்து பேசுமிடத்து, அதன் குறையை மறைத்தலும் நேர்மையன்று. கண்ணின் பின்னுள்ள சுரப்பிகளை அழுத்தினால் பால்போன்ற நஞ்சு கசியும். நெஞ்சத் துடிப்பைத் தாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தேரையைக் கௌவிய நாய் நுரைதள்ளி வருந்துவதைப் பலர் கண்டிருப்பர். தேரையை உண்ட மனிதர் இறந்ததும் உண்டு. ஆகவே அதனைத் தொட நேரின் கையைக் கழுவுதலும், கழுவாத கையாற் கண்ணைத் தொடாமையும் வேண்டும். மேலும், தன் இயற்கை எல்லையைக் கடந்து கொண்டுசெல்லப்பட்ட இடத்தில் இதே தேரை பெருங்கேடாகவும் முடிந்துள்ளது. மடகாஸ்கர் தீவின் துவாமசீனா என்னும் துறைமுக நகரின் புறத்தே இது பரவியிருப்பது 2014-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அத்தீவின் பாம்பு முதலிய உயிர்கள் இந்நஞ்சிற்குப் பழகியவை அல்ல. தேரையை உண்டு அவை மாளக்கூடும் என ஆராய்ச்சியாளர் அஞ்சுகின்றனர். நம் நாட்டிலோ தேரையை உண்டும் நலமாக வாழும் பாம்புகள் உள. ஆகலின் தேரை எங்கும் நல்லது என்பது எம் கருத்தன்று. எங்கும் தீயது என்பதும் அன்று. எவ்வுடல் எவ்விடத்து என் செய்கின்றது என்பதைக் கண்டு கூறுக என்பதே எம் கருத்து. நஞ்சு உண்டு என்பது உண்மை, கூறுவோம். குழந்தையை மெலிவிக்கும் என்பது பொய், விடுவோம்.

இனி, இக்கல்லூரியின் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள்கள் சில. அவை பெருஞ்செலவு வேண்டாதவை.

முதலாவது, விடுதியிற் புகும் தேரைமேல் உப்பிடுதலும் கல்லெறிதலும் ஒழிக. ஒரு முறத்திலோ பழைய தாளிலோ ஏந்தி வெளியே விட்டால் அது தன் வழியே செல்லும்.

இரண்டாவது, விடுதியின் பின்புறத்துள்ள சிமெண்டுத் தொட்டியில் மழைக்காலத்தில் தேரைகள் வீழ்ந்து, ஏறமாட்டாது, நீந்தி நீந்தி இளைத்து மாள்கின்றன. விரல்நுனியிற் பற்றுவட்டில்லாத உயிர் வழுவழுப்பான சுவரில் ஏறாது என்பதை மேலே கூறினோம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அவையெல்லாம் தாமே கரையேறும். பலகையை யாமே கொணர்ந்து வைப்போம். எவரும் அதனை எடுத்துவிடாதிருத்தலே நாம் ஒருவர்க்கொருவர் செய்யவேண்டிய உதவி.

மூன்றாவது, தமிழ் பயிலும் நண்பர்கள் அடுத்த விடுமுறையில் தத்தம் ஊரில் எவ்வுயிரைத் தேரை என்கின்றனர், எதனைத் தவளை என்கின்றனர், நுணல் என்னும் பழஞ்சொல் எங்கேனும் இன்றும் வழங்குகின்றதா என்பவற்றைக் கேட்டெழுதிக் கொணர்க. பெயரை மட்டும் எழுதாது, விரல்நுனி, முதுகு, கண், செவிப்பறை இவற்றின் தன்மையையும் கண்டு எழுதுக. விலங்கியல் மாணவரும் நம்முடன் கூடின், இரண்டு துறைக்கும் பயன்தரும் சொற்பட்டியல் ஒன்று அடுத்த மலரில் வெளிவரக்கூடும்.

நான்காவது வேண்டுகோள் எல்லாவற்றினும் தலையாயது. உங்கள் ஊரில் மெலிந்த குழந்தையைக் காட்டி, தேரை விழுந்தது என எவரேனும் கூறின், சொற்பொருள் உரைத்து நில்லாதீர். அக்குழந்தை என்ன உண்டது எனக் கேளுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாம் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

இக்கட்டுரையை எழுதும் இவ்விரவிலும் வெளியே தூறல் விழுகின்றது. விளக்கடியில் ஒரு தேரை வந்து அமர்ந்துள்ளது. தொண்டை விரைந்து விரைந்து துடிக்கின்றது. அதற்கு மார்பை விரித்து மூச்சிழுக்கும் அமைப்பு இல்லை. தொண்டையாலேயே காற்றை உள்ளே தள்ளுகின்றது. ஈரக்கல்லில் அடிவயிற்றை ஒட்டவைத்து அமர்ந்திருப்பதால், அது நீர் பருகுகின்றது என்பதை இப்பொழுது அறிவோம். ஓராண்டிற்கு முன் அதே இருக்கையைக் கண்டு அருவருத்தோம். தேரை மாறவில்லை. சொல்லைக் கற்ற கண் பொருளையும் சிறிது கற்றது, அவ்வளவே.